கிளையன்ட் நிரலும் வெப்சாக்கெட் இணைப்பும்: தென்காசிச் சூழலில் ஓர் ஆய்வு

உலகளாவிய வலையின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபி, கேட்டால் மட்டுமே விடை தரும் ஒழுங்கின்மேல் எழுப்பப்பட்டது. பயன்படுத்துவோரின் கணினியிலோ கைபேசியிலோ இயங்கி வேண்டுகோள் விடுக்கும் நிரல் கிளையன்ட் எனப்படும். அவ்வேண்டுகோளை ஏற்று மறுமொழி தரும் நிரல், அல்லது அது இயங்கும் கணினி, சர்வர் எனப்படும். ஒரு பக்கத்தையோ படத்தையோ கேட்டுப் பெறுவதற்கு இவ்வொழுங்கே போதும். ஆனால் செய்தி முதலில் சர்வரிடம் தோன்றி, அது எப்போது தோன்றும் என்பதைக் கிளையன்ட் அறிய வழியில்லாத இடங்களில், அதாவது அரட்டைச் செயலி, பங்குச்சந்தை விலைப்பலகை, ஆற்று நீர்மட்ட எச்சரிக்கை போன்றவற்றில், கேள்வி வரும்வரை விடை காத்திருக்க வேண்டியதாகிறது. இக்குறையைத் தீர்க்க, இரு தரப்பும் எந்நேரமும் பேசத்தக்க ஒரே இணைப்பைத் திறந்து வைக்கும் வெப்சாக்கெட் நெறிமுறை 2011இல் தரப்படுத்தப்பட்டது. நிரலாளர்க்கான அறிமுக நூல்கள் இணைப்பைத் திறப்பதை ஒற்றை வரிக் கட்டளையாகக் காட்டிவிட்டு நகர்கின்றன. அவ்வொரு வரிக்குள் பல அடுக்கு உடன்பாடுகள் அடங்கியுள்ளன. திறந்த இணைப்பு உயிரோடிருக்கிறதா என்பதை இடைவிடாது அறிந்துகொள்வதும், அறுந்தால் ஒழுங்காக மீண்டும் திறப்பதும் அந்த ஒரு வரியை எழுதுபவரின் பொறுப்பிலேயே சேர்கின்றன. இணைப்பின் உயிர்நிலையை அறிந்துகொள்வதைக் கைவிட்ட நிரல், இணைப்பு அறுந்த மௌனத்தையும் செய்தி எதுவும் இல்லாத மௌனத்தையும் வேறுபடுத்தி அறியாது என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து.

இவ்வாய்வுக்குத் தென்காசி பொருத்தமான களமாக அமைகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் பெயர் மாற்றம் பெற்ற ஜோஹோ நிறுவனம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்கும் தன் கிளையை 2011இல் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில்தான் வெப்சாக்கெட்டின் வரையறையான ஆர்எஃப்சி 6455 வெளியிடப்பட்டது. வாடிக்கையாளர் குறைகளைப் பதிந்து தீர்க்க உதவும் ஜோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள் மத்தளம்பாறையில் வளர்ந்தது. பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்க்கு நேரடியாக நிரலாக்கம் கற்பிக்கும் ஜோஹோ பள்ளியும் தென்காசிப் பகுதியில் நடைபெறுகிறது. அட்வென்ட்நெட் தன் தொடக்கத்தில் உருவாக்கியவை எஸ்என்எம்பி நெறிமுறைக்கான கருவிகள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் அந்நெறிமுறையில், மேலாண்மை நிரல் ஒவ்வொரு கருவியையும் குறித்த இடைவெளியில் வினவுவது ஒரு வழி. பழுது நேர்ந்தவுடன் கருவியே ‘டிராப்’ என்னும் அறிவிப்பைத் தானாக அனுப்புவது மற்றொரு வழி. வினவிக்கொண்டே இருந்தால் பாரம் மிகும். அறிவிப்பை மட்டும் நம்பினால், அறிவிப்பு வழியிலேயே தொலைந்தபோது பழுது மறைந்துபோகும். வெப்சாக்கெட் காலத்து நிரலாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே.

வெப்சாக்கெட்டுக்கு முன்பு வலைத்தளங்கள் இச்சிக்கலைச் சுற்றுவழிகளால் சமாளித்தன. கிளையன்ட் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘புதிது ஏதேனும் உண்டா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவற்றில் முதலாவது. 10,000 கிளையன்டுகள் 5 விநாடிக்கு ஒருமுறை கேட்பதாகவும், ஒவ்வொரு வேண்டுகோளோடும் குக்கி முதலிய தலைப்பு வரிகள் 800 பைட் அளவுக்குச் செல்வதாகவும் கொண்டால், சர்வர் விநாடிக்கு 2,000 வேண்டுகோள்களை ஏற்று, ஏறத்தாழ 16 இலட்சம் பைட்டுகளைப் படிக்க வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ‘எதுவுமில்லை’ என்பதே விடை. வேண்டுகோளைப் பெற்ற சர்வர், செய்தி தோன்றும்வரை மறுமொழியைப் பிடித்து வைத்திருக்கும் நீள்வினவல் முறை அடுத்து வந்தது. இவ்வகை உத்திகளுக்கு 2006இல் அலெக்ஸ் ரஸல் ‘காமெட்’ என்று பெயரிட்டார். காமெட் நன்றாகவே வேலை செய்தது. இன்றும் பழைய நிறுவன வலைகளில் மாற்று வழியாக அது பயன்படுகிறது. எனினும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதிய வேண்டுகோள் என்ற விலையை அதனால் ஒழிக்க முடியவில்லை. வெப்சாக்கெட்டில் சர்வர் அனுப்பும் 125 பைட் வரையிலான செய்திக்குக் கூடுதல் சுமை 2 பைட் மட்டுமே; கிளையன்ட் அனுப்பும் அதே அளவுச் செய்திக்கு 6 பைட்.

இந்நெறிமுறை ஒரே முயற்சியில் வடிவம் பெறவில்லை. எச்டிஎம்எல்5 வரைவில் ‘டிசிபி கனெக்‌ஷன்’ என்ற பெயரில் இடம்பெற்றிருந்த கருத்தை 2008இல் இயான் ஹிக்ஸனும் மைக்கேல் கார்ட்டரும் செப்பனிட்டு, வெப்சாக்கெட் என்ற பெயரை அமைத்தனர். குரோம் உலாவியின் 4ஆம் பதிப்பு அதை முதலில் ஏற்றது. ஆனால் அடம் பார்த் முதலிய ஆய்வாளர்கள், கிளையன்டுக்கும் சர்வருக்கும் இடையே இருவரும் அறியாமல் நிற்கும் பதிலிச் சர்வர்களை அப்போதைய வரைவைக் கொண்டு ஏமாற்ற முடியும் என்று காட்டியதையடுத்து, 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அவ்வசதி முடக்கப்பட்டது. தீயவர் ஒருவர் தம் வலைப்பக்கத்தைத் திறந்த உலாவியைக் கொண்டு, எச்டிடிபி வேண்டுகோள் போலத் தோன்றும் எழுத்துகளை அனுப்பச் செய்தால், இடையிலுள்ள பதிலி அதை உண்மை வேண்டுகோளாகக் கருதிப் பொய்யான மறுமொழியைத் தன் சேமிப்பில் வைத்து, பின்பு வேறு பலருக்கும் பரிமாறிவிடக்கூடும் என்பதே அந்த ஆபத்து. இதற்கான தீர்வாகவே, கிளையன்ட் அனுப்பும் ஒவ்வொரு சட்டகமும், அதாவது செய்தியைச் சுமக்கும் ஒவ்வொரு கட்டும், தற்போக்காகத் தெரிந்தெடுத்த 4 பைட் திறவியால் உருமாற்றப்பட வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. முகமூடியிடுதல் எனப்படும் இது மறையாக்கம் அன்று. திறவியும் சட்டகத்தோடே செல்வதால் யாரும் அதை அவிழ்க்கலாம். வலைப்பக்கத்தின் நிரல் எழுதிய எழுத்துகள் கம்பியில் எந்த வடிவில் செல்லும் என்பதை அந்நிரல் முன்கூட்டித் தீர்மானிக்க இயலாமல் செய்வதே அதன் நோக்கம். முகமூடியில்லாத சட்டகம் கிளையன்டிடமிருந்து வந்தால் சர்வர் இணைப்பை மூடிவிட வேண்டும். சர்வரிடமிருந்து முகமூடியிட்ட சட்டகம் வந்தால் கிளையன்டும் அவ்வாறே செய்ய வேண்டும். இயான் ஃபெட்டும் அலெக்ஸி மெல்னிகோவும் பெயர் தாங்கிய இறுதி வரையறையில் இவ்விதி கட்டாயமாக்கப்பட்டது.

இணைப்பைத் திறக்கும் கட்டளை வந்தவுடன் கிளையன்ட் நிரல் செய்யும் செயல்களை வரிசையாக நோக்குவது இனித் தேவையாகிறது. முகவரி ‘டபிள்யூஎஸ்’ என்று தொடங்கினால் 80ஆம் துறையையும், ‘டபிள்யூஎஸ்எஸ்’ என்று தொடங்கினால் 443ஆம் துறையையும் நிரல் நாடும். துறை என்பது ஒரே கணினியிலுள்ள பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். முதலில் சர்வரின் பெயர் டிஎன்எஸ் வழியாக எண்முகவரியாக மாற்றப்படும். பின்பு டிசிபி என்னும் போக்குவரத்து நெறிமுறை மூன்று பொட்டலங்களைப் பரிமாறி இரு முனைகளுக்கும் இடையே ஒழுங்கான ஓடையை அமைக்கும். டபிள்யூஎஸ்எஸ் முகவரியானால், அவ்வோடையின்மேல் டிஎல்எஸ் மறையாக்கம் அமைக்கப்பட்டு, சர்வரின் சான்றிதழ் சரிபார்க்கப்படும். இவற்றின் மேல்தான் வெப்சாக்கெட்டுக்கே உரிய கைகுலுக்கல் நிகழ்கிறது. 2018இல் வெளிவந்த டிஎல்எஸ் 1.3 பதிப்பைப் பயன்படுத்தினாலும், டிசிபிக்கு ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று, கைகுலுக்கலுக்கு ஒன்று என மூன்று முறை செய்தி போய் வர வேண்டும். கண்ணாடியிழை இணைப்பில் இத்தாமதம் உணரப்படாது. மலைச்சரிவில் ஒற்றைக் கோபுரத்தின் மங்கிய அலையைப் பற்றிக்கொண்டிருக்கும் கைபேசிக்கு இது பல விநாடிகள் ஆகலாம். ஆகையால் திறப்பதற்கென்று ஒரு கால வரம்பை நிரல் தானே விதித்துக்கொள்ள வேண்டும். பைத்தான் மொழியில் பரவலாகப் பயன்படும் ‘வெப்சாக்கெட்ஸ்’ நூலகம் இதற்கு 10 விநாடியை இயல்பான வரம்பாகக் கொண்டுள்ளது.

கைகுலுக்கல் வழக்கமான எச்டிடிபி 1.1 ‘கெட்’ வேண்டுகோளாகவே தொடங்குகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் வலைத் துறைகளின் வழியாகவும் பழைய தீச்சுவர்களின் ஊடாகவும் புது நெறிமுறை செல்ல வேண்டும் என்ற நடைமுறைத் தேவையே இவ்வடிவத்துக்குக் காரணம். அவ்வேண்டுகோளில் ‘ஹோஸ்ட்’ என்னும் தலைப்பு வரி சர்வரின் பெயரையும், ‘அப்கிரேட்’ என்னும் வரி வெப்சாக்கெட்டுக்கு மாற விரும்புவதையும், ‘கனெக்‌ஷன்’ என்னும் வரி அம்மாற்றம் இந்த இணைப்புக்கே உரியது என்பதையும் கூறும். நெறிமுறைப் பதிப்பு 13 என்பதை வேறொரு வரி அறிவிக்கும். ‘செக்-வெப்சாக்கெட்-கீ’ என்னும் வரியில், தற்போக்காக உருவாக்கிய 16 பைட்டுகளை பேஸ்64 முறையில் எழுதிய 24 எழுத்துகள் இடம்பெறும். சர்வர் அவற்றோடு வரையறையில் குறிக்கப்பட்ட 36 எழுத்து நிலைச்சரம் ஒன்றைச் சேர்த்து, ஷா-1 என்னும் சுருக்கக் கணிப்பைச் செய்து, விளைவை மீண்டும் பேஸ்64 வடிவில் 28 எழுத்துகளாகத் திருப்பியனுப்பும். ஷா-1 இன்று வலுவிழந்த முறையாயிற்றே என்ற ஐயம் கற்போரிடம் அடிக்கடி எழுகிறது. ஆனால் இக்கணிப்பு எதையும் காப்பதற்கானது அன்று. எதிர்முனையில் இருப்பது வெப்சாக்கெட் அறிந்த சர்வரே, வந்ததை அப்படியே எதிரொலிக்கும் வேறொரு சேவையன்று என்பதை மெய்ப்பிக்க மட்டுமே அது உதவுகிறது.

உடன்பட்ட சர்வர் 101 என்னும் நிலை எண்ணோடு விடையளிக்கும். அவ்வெண்ணைக் கண்டவுடன் இணைப்பு திறந்துவிட்டது என்று கொள்வது பிழை. அப்கிரேட் வரியும் கனெக்‌ஷன் வரியும் உரிய மதிப்புகளைத் தாங்குகின்றனவா, திரும்பி வந்த 28 எழுத்துகள் தானே கணித்தவற்றோடு ஒத்துள்ளனவா, தான் கேளாத விரிவாக்கத்தையோ துணைநெறிமுறையையோ சர்வர் புகுத்தியிருக்கிறதா என்பவற்றையும் கிளையன்ட் சரிபார்த்து, ஒன்று பிசகினாலும் இணைப்பைக் கைவிட வேண்டும். துணைநெறிமுறை என்பது செய்திகளின் உள்ளடக்கத்தை எந்த வடிவில் படிப்பது என்பது பற்றிய உடன்பாடு. விரிவாக்கத்துக்கு 2015இல் ஆர்எஃப்சி 7692 வகுத்த செய்திச் சுருக்கம் எடுத்துக்காட்டு. நூலகம் எதையும் நாடாமல் தம் கையாலேயே கிளையன்ட் எழுதிப் பார்க்கும் மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றையும் இங்கே சுட்டவேண்டும். சர்வர் 101 மறுமொழியை அனுப்பிய கையோடு முதற்செய்தியையும் அனுப்பிவிடலாம். இரண்டும் ஒரே வாசிப்பில் கிளையன்டை அடையக்கூடும். தலைப்பு வரிகள் முடியும் வெற்று வரியோடு நின்றுவிட்டு, அதற்கப்பால் வாசித்த பைட்டுகளை எறிந்துவிடும் நிரல், முதற்செய்தியை இழப்பதோடு அடுத்து வரும் சட்டகங்களின் எல்லையையும் தவறாகக் கணக்கிடும். சர்வர் பக்கத்திலேயே இருக்கும் சோதனைச் சூழலில் ஒரு பழக்கமும், தொலைதூர வலையில் வேறொரு பழக்கமுமாகத் தோன்றும் இவ்வழுவைக் கண்டுபிடிப்பது கடினம்.

கிளையன்ட் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், இயங்கும் இடத்தைப் பொறுத்து அதன் உரிமைகள் பெரிதும் மாறுபடுகின்றன. உலாவிக்குள் இயங்கும் நிரல், கைகுலுக்கல் வேண்டுகோளில் தன் விருப்பப்படி தலைப்பு வரிகளைச் சேர்க்க முடியாது. இணைப்பு உயிரோடிருப்பதைச் சோதிக்கும் பிங் சட்டகங்களையும் அனுப்ப முடியாது. மறையாக்கப்பட்ட பக்கத்திலிருந்து மறையாக்கமில்லாத டபிள்யூஎஸ் முகவரியைத் திறக்கவும் உலாவிகள் பொதுவாக விடுவதில்லை. உலாவிக்கு வெளியே இயங்கும் நிரலுக்கு இக்கட்டுப்பாடுகள் இல்லை. டாட்நெட் 4.5 பதிப்பிலும் (2012), ஜாவா 11 பதிப்பிலும் (2018), ஆப்பிளின் ஐஓஎஸ் 13 பதிப்பிலும் (2019) வெப்சாக்கெட் கிளையன்ட் உள்ளமைந்தே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓகேஎச்டிடிபி நூலகம் அப்பணியைச் செய்கிறது. கைபேசியில் மற்றொரு தடை உண்டு. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் வைக்கப்பட்ட கைபேசி ‘டோஸ்’ என்னும் உறக்க நிலைக்குச் சென்று செயலிகளின் வலைத் தொடர்பை நிறுத்திவைக்கிறது. ஆகவே செயலி திரையில் இருக்கும்போது வெப்சாக்கெட்டும், பின்னணிக்குச் சென்றபின் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் அறிவிப்புச் சேவையும் என்று இரண்டையும் இணைத்தாள்வதே நடைமுறையில் நிலைக்கும் ஏற்பாடு.

யார் இணைகிறார் என்பதை மெய்ப்பிக்கும் வினா இத்தடைகளோடு நேரடியாகப் பிணைந்தது. ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் தரவைப் படிப்பதைத் தடுக்கும் உலாவியின் வழக்கமான கட்டுப்பாடு வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது. தீய தளம் ஒன்றின் பக்கம், பயனர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் நல்ல தளத்தின் சர்வரோடு இணைப்பைத் திறக்க முயன்றால், உலாவியின் குக்கி அமைப்பு தடுக்காதவரை பயனரை அடையாளம் காட்டும் அத்தளத்தின் குக்கியும் உடன் செல்லும். வேண்டுகோள் எந்தத் தளத்திலிருந்து புறப்பட்டது என்பதை உலாவி ‘ஆரிஜின்’ என்னும் வரியில் உண்மையாக அறிவிக்கிறது. அதைச் சர்வர் சோதித்தே தீர வேண்டும். உலாவியல்லாத கிளையன்டோ அவ்வரியில் எதையும் எழுதலாம். எனவே ஆரிஜின் வரி உலாவிப் பயனரைக் காக்குமேயன்றி, சர்வரைப் பிற நிரல்களிடமிருந்து காக்காது. அடையாளச் சில்லையை முகவரியிலேயே ஒட்டியனுப்பும் வழக்கம் எளிதாயினும், முகவரிகள் சர்வர்ப் பதிவேடுகளில் எழுதி வைக்கப்படுவதால் அது கசிய இடமுண்டு. இணைப்பு திறந்தபின் முதற்செய்தியாக அச்சில்லையை அனுப்பி, அது சரிபார்க்கப்படும்வரை வேறெதையும் சர்வர் ஏற்காதிருப்பது மேலான முறை. தனி நிரல்களில் இதற்கென உள்ள ‘ஆதரைசேஷன்’ வரியையே பயன்படுத்திக்கொள்ளலாம். இவற்றோடு, சோதனைக்கென்று சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைத்துவிட்டு, அதே வரியைப் பயன்பாட்டுக்கும் அனுப்பும் பழக்கம் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது. சரிபார்க்காத மறையாக்கம், இடையில் நிற்பவர் யாராயினும் அவருக்கே மறைபொருளைக் கையளிக்கிறது.

திறந்தபின் வரும் சிக்கலே இவ்வனைத்திலும் கனமானது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, பகவதிபுரம் வழியாக ஆரியங்காவு நோக்கி மலையேறும் ரயிலில் ஒருவர் கைபேசியில் அரட்டைச் செயலியைத் திறந்து வைத்திருப்பதாகக் கொள்ளலாம். வண்டி சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது அலை அறுகிறது, வெளியே வரும்போது மற்றொரு கோபுரமோ, கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்தின் வலையோ கைபேசியை ஏற்கக்கூடும், எண்முகவரியும் மாறிவிடலாம். டிசிபி இணைப்பு இரு முனைகளின் முகவரி, துறை எண்களால் அடையாளம் பெறுவதாகையால், முகவரி மாறினால் பழைய இணைப்பு இறந்துவிட்டது. ஆனால் அதன் இறப்பை யாரும் அறிவிப்பதில்லை. சர்வர் அனுப்பும் பொட்டலங்களுக்கு ஏற்புச் செய்தி வராதபோது, லினக்ஸ் இயக்கமுறைமை தன் இயல்பான அமைப்பில் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்து, 15 நிமிடங்களுக்கு மேலான பிறகே கைவிடுகிறது. எதையும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் முனைக்கு நிலை இன்னும் மோசம். டிசிபியின் உயிர்ச்சோதனை முடுக்கப்படாவிட்டால் அது காலவரம்பின்றிக் காத்திருக்கும். முடுக்கப்பட்டாலும் லினக்ஸில் முதற்சோதனைக்கான இயல்பான இடைவெளி 2 மணி நேரம். இதற்கிடையே, நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்புகளை இடைநிலைக் கருவிகளும் தாமாகவே துண்டித்துவிடுகின்றன. என்ஜின்எக்ஸ் பதிலிச் சர்வரின் இயல்பான வாசிப்பு வரம்பு 60 விநாடிதான்.

பிங், பாங் என்னும் இரு கட்டுப்பாட்டுச் சட்டகங்களை வரையறை வழங்கியிருப்பது இதற்காகவே. ஒரு முனை பிங் அனுப்பினால் மறுமுனை அதே உள்ளடக்கத்தோடு பாங் அனுப்பக் கடமைப்பட்டது. முன்னர்க் குறித்த பைத்தான் நூலகம் 20 விநாடிக்கு ஒரு பிங் அனுப்பி, பாங்குக்காக மேலும் 20 விநாடி காத்திருக்கிறது. ஆகவே இறந்த இணைப்பு ஏறத்தாழ 40 விநாடிக்குள் வெளிப்பட்டுவிடும். உலாவி நிரல் பிங் அனுப்ப இயலாததாகையால், சர்வர் குறித்த இடைவெளியில் சிறு செய்தி ஒன்றை அனுப்புவதும், அது வாராதபோது நிரல் தானே இணைப்பை மூடிக்கொள்வதும் வழக்கம். 1000 என்னும் மூடல் எண் இயல்பான முடிவையும், 1001 ஒரு முனை விலகிச் செல்வதையும், 1011 சர்வரின் உட்பிழையையும் குறிக்கும். 1006 மட்டும் எவராலும் அனுப்பப்படாத எண். விடைபெறாமலே இணைப்பு அறுந்தது என்பதைக் கிளையன்ட் நூலகம் தன் நிரலுக்குத் தெரிவிக்கும் குறிப்பு அது. களத்தில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே.

அறுந்ததை அறிந்த கிளையன்ட் உடனே மீண்டும் முயல்வது இயல்பாகத் தோன்றினாலும், எல்லாரும் அவ்வாறு செய்யும்போது அதுவே தாக்குதலாகிவிடும். ஜோஹோவின் ‘அரட்டை’ செயலியில் 2025 செப்டம்பரில் நாளொன்றுக்குச் சேர்வோர் எண்ணிக்கை மூன்றே நாளில் 3,000 என்ற அளவிலிருந்து 3,50,000ஆக உயர்ந்ததாக நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். எந்தச் செய்தியனுப்பு அமைப்பும் எதிர்கொள்ளக்கூடிய ஏற்றத்தின் அளவை இது உணர்த்துகிறது. ஒரு கணக்குக்காக, 3,50,000 திறந்த இணைப்புகளைத் தாங்கிய சர்வர் தொகுதி ஒன்று மறுதொடக்கம் ஆவதாகக் கொண்டால், அறுந்த கிளையன்டுகள் அனைத்தும் ஒரே விநாடியில் திரும்பி வந்து கதவைத் தட்டும். ஒவ்வொன்றும் டிஎல்எஸ் கணிப்பையும் கேட்கும். ஆர்எஃப்சி 6455 இதை முன்னுணர்ந்து, முதல் மறுமுயற்சிக்கு முன் 0 முதல் 5 விநாடி வரை தற்போக்கான இடைவெளி விடுமாறும், அதுவும் தோற்றால் இடைவெளியை மேலும் மேலும் கூட்டுமாறும் பரிந்துரைக்கிறது. 5 விநாடியில் பரவினால் மேற்கண்ட பாரம் விநாடிக்கு 70,000; ஒரு நிமிடத்தில் பரவினால் 6,000க்கும் குறைவு. இடைவெளியை இரட்டிப்பது மட்டும் போதாது. தற்போக்குக் கூறு இல்லாவிட்டால் எல்லாக் கிளையன்டுகளும் 1, 2, 4, 8 விநாடிகளில் ஒன்றாகவே திரும்பி வரும்.

இவ்வளவும் அரட்டைச் செயலிக்குச் சிறு எரிச்சலோடு முடியக்கூடியவை. தென்காசியை அடுத்த குற்றாலத்தின் அருவிகளில் அவை உயிரோடு தொடர்புடையவை. 2024 மே 17 அன்று, சாரல் பருவம் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓட, 17 வயதுச் சிறுவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியடியில் வானம் வெளுத்திருக்க, மேலே மலைக்காட்டில் பெய்த மழை திரண்டு வருவதே இத்தகைய வெள்ளத்தின் இயல்பு. நீரின் நிறம் மாறுவதையும் இரைச்சல் கூடுவதையும் கண்டு விலகுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. குற்றாலத்தின் முதன்மை அருவியான பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது குளிக்கத் தடை விதிக்கும் நடைமுறை, வெள்ளம் கீழே வந்து சேர்ந்தபின் கண்ணால் கண்டு எடுக்கும் முடிவு. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவியும், அதற்கும் மேலே தேனருவியும் இருக்க, மேற்புறத்தில் நீர்மட்ட உணரி ஒன்றை நிறுத்தி, அதன் அளவைக் கீழே உடனுக்குடன் தெரிவிக்கும் ஏற்பாட்டைக் கற்பனை செய்வது அரிதன்று. அதில் வெப்சாக்கெட் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ஆராய்ந்தால் இதுவரை கூறியவை தெளிவுபெறும்.

முதலாவதாக, அருவியில் குளிப்பவர் கையில் கைபேசி இல்லை. ஆகவே இங்கே கிளையன்ட் நிரல் இயங்க வேண்டிய இடம், படித்துறை அருகே ஒலிக்க வேண்டிய அபாயச் சங்கை இயக்கும் சிறு கணினியும், காவலர் கூடத்துத் திரையுமே. ஊர் முழுவதற்கும் எச்சரிக்கை விடுக்க, கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் அத்தனை கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் செல் ஒலிபரப்பு முறையே தக்கது. பல்லாயிரம் தனித்தனி இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பணியைச் செய்ய முயல்வது வீண். இரண்டாவதாக, கீழுள்ள கணினி சர்வரோடு வெப்சாக்கெட்டைத் திறந்து, நீர்மட்டம் வரம்பைத் தாண்டினால் மட்டும் செய்தி வரும் என்று அமைக்கப்பட்டால், வெள்ளமில்லாத நாளிலும் கம்பி அறுந்த நாளிலும் அது ஒரே மாதிரி அமைதியாக இருக்கும். மலையில் பெருமழை பெய்யும் வேளையே மின்சாரமும் அலையும் தடைப்படும் வேளையுமாகையால், அமைதியைப் பாதுகாப்பென்று படிக்கும் நிரல், தவறக் கூடாத நேரத்திலேயே தவறும். எனவே அளவு மாறாவிட்டாலும் உணரி குறித்த இடைவெளியில் தன் அளவை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது இருமுறை வாராவிட்டால் கீழுள்ள நிரல் அதையே எச்சரிக்கையாகக் கொண்டு, காவலரை விழிப்புறச் செய்ய வேண்டும். திரையில் நீர்மட்டத்தோடு அது அளக்கப்பட்ட நேரமும் தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்கு முந்தைய எண்ணைப் புத்தம்புதியது போலக் காட்டும் திரை, திரையே இல்லாமையைவிடத் தீங்கானது. 40 விநாடிக் கண்டறிதல் அரட்டைக்குப் போதும்; இங்கே பிங் இடைவெளியை 5 விநாடிக்குக் குறைத்து, அதனால் ஏறும் மின்செலவைச் சூரியத்தகடும் மின்கலமும் தாங்குமா என்று கணக்கிட வேண்டும்.

அறுந்து மீண்ட இணைப்பு, இடையில் நடந்ததை அறியாது என்பதும் இங்கே முதன்மை பெறுகிறது. ஒரே இணைப்புக்குள் செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்பதற்கு டிசிபி பொறுப்பேற்கிறது. ஓர் இணைப்புக்கும் அடுத்த இணைப்புக்கும் இடையே எந்த நினைவும் வெப்சாக்கெட்டுக்கு இல்லை. ஆகையால் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் இட்டு, மீண்டும் இணையும் கிளையன்ட் தான் கடைசியாகப் பெற்ற எண்ணைச் சொல்லி, விடுபட்டவற்றைக் கேட்டுப் பெறும் ஏற்பாட்டை நிரலாளரே கட்ட வேண்டும். எஸ்எஸ்இ எனப்படும் சர்வர்வழி நிகழ்வு ஓடையில் இவ்வசதி உலாவிக்குள்ளேயே அமைந்துள்ளது, அது ஒருவழிப்பாதை. சர்வர் சொல்லக் கிளையன்ட் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்ற பயன்பாடுகளில், காவலர் கூடத்துத் திரை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வெப்சாக்கெட்டைவிட எஸ்எஸ்இ எளியதும் போதுமானதும் ஆகும். இருவழிப் பேச்சு தேவையில்லாத இடத்திலும் புதுமை கருதி வெப்சாக்கெட்டைத் தேர்வது, மறுஇணைப்பு முதல் விடுபட்ட செய்தி வரை அனைத்தையும் தாமே எழுதும் சுமையை நிரலாளர் தலையில் ஏற்றுகிறது.

முன்னர்க் கூறிய கைகுலுக்கல் எச்டிடிபியின் புதிய பதிப்புகளில் மாறுகிறது. எச்டிடிபி 2இல் ஒரே இணைப்பைப் பல ஓடைகளாகப் பகிர்வதால் 101 என்னும் மாற்றம் அங்கே செல்லாது. அதற்கு மாற்றாக விரிவாக்கிய ‘கனெக்ட்’ வேண்டுகோளை ஆர்எஃப்சி 8441 (2018) வகுத்தது, எச்டிடிபி 3க்கு ஆர்எஃப்சி 9220 (2022) அதையே நீட்டித்தது. கிளையன்ட் நிரலாளர்க்கு இவை நூலகத்துக்குள் மறைந்திருக்கும் மாற்றங்களே. குற்றால எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், உணரி முனைக்கு வெப்சாக்கெட்டைவிட எம்க்யூடிடி நெறிமுறை பொருத்தமானது என்பது பல களங்களில் தெளிவான முடிவு. பாலைவெளி எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வகுத்த அந்நெறிமுறை, தொலைவும் மின்சிக்கனமும் நிலையற்ற அலையும் சேர்ந்த சூழலுக்கென்றே பிறந்தது. உலாவிகளுக்குச் செல்லும்போது வெப்சாக்கெட்டின் மேலேறியும் பயணிக்கிறது. இணையும் கிளையன்ட், தான் விடைபெறாமல் மறைந்தால் தன் பெயரால் சர்வர் வெளியிட வேண்டிய செய்தியை, இணையும் அந்நேரத்திலேயே ‘கடைசி விருப்பம்’ என்னும் பெயரில் ஒப்படைத்துவிட அது இடம் தருகிறது. தேனருவிப் பக்கத்து உணரி ஒன்று ‘என் தொடர்பு அறுந்தது, அருவியில் குளிப்போரை விலக்குக’ என்ற செய்தியை இவ்வாறு முன்னதாகவே ஒப்படைத்திருந்தால், குறித்த உயிர்ச்சோதனை நேரம் கடந்தவுடன் சர்வர் அதைக் கீழுள்ள அபாயச் சங்குக்கும் காவலர் திரைக்கும் அனுப்பிவிடும். சங்கை இயக்கும் கணினியே சர்வரோடு தொடர்பிழந்தால் அச்செய்தியும் அதை எட்டாது. ஆகவே அந்தக் கணினி தன் வெப்சாக்கெட் இணைப்பின் உயிர்த்துடிப்பைத் தானே எண்ணிக்கொண்டு, எண்ணிக்கை தவறியவுடன் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் சங்கை ஒலிக்கும்படி எழுதப்பட வேண்டும்.